மூன்று கண் புரொஜெக்டருக்கு எந்த லென்ஸ்?

சிஆர்டி புரொஜெக்டர், அதாவது பழைய டிவியைப் போல் பிக்சர் டியூபால் படம் காட்டும் மெஷின், வைத்திருப்பவர்களிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் லென்ஸில் வந்து நிற்கும். "எச்டி-8 லென்ஸ் போட்டா படம் எப்படிண்ணே இருக்கும்?" "ஒன்பது அங்குல டியூப் மெஷின் லென்ஸை எட்டு அங்குலத்துல ஏத்தலாமா?" கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்த மெஷின்களை இன்னும் விடாமல் ஓட்டுகிற நம்மவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டல் மண்டபங்களிலும் விரிவுரை அறைகளிலும் கழற்றிப் போட்டதை வாங்கி வந்து, தெரஸ் வீட்டு ஹாலில் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் பழைய தமிழ்ப் படங்களைப் பார்க்கிறவர்கள். இது அவர்களுக்காக எழுதியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸின் பெயரைப் பார்த்துப் பணம் கொடுப்பதற்கு முன்னால், இப்போதிருக்கும் லென்ஸுக்கும் டியூபுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். படம் பெரும்பாலும் கெடுவது அந்த இடத்தில்தான். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் கெடுகிறது.

இந்த லென்ஸ்கள் ஏன் இத்தனை பெரிதாகவும் கனமாகவும் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். எல்சிடி, டிஎல்பி புரொஜெக்டர்களில் ஒரு விளக்கின் ஒளியைக் குவித்து ஒரு சின்னச் சில்லு வழியாக அனுப்புகிறார்கள். சிஆர்டியில் அப்படி விளக்கே கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டியூப். ஒவ்வொன்றின் முகத்திலும் பூசியிருக்கும் பாஸ்பரை எலக்ட்ரான் கற்றை தாக்கும்போது அந்தப் புள்ளி ஒளிர்கிறது. அந்த ஒளி லென்ஸைப் பார்த்து நேராகப் போவதில்லை, எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அதை முடிந்தவரை வாரிக்கொள்ள அகன்ற வாய் வேண்டும். அதனால்தான் கேமராக்காரர்கள் அரிதாகத் தொடும் எஃப் 1.0, எஃப் 1.2 போன்ற திறப்புகள் இங்கே சாதாரணம் (எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம்). எஃப் 1.2 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் 1.44 மடங்கு ஒளியை வாரும். ஆனால் வாய் அகல அகல, ஓரங்களைக் கூர்மையாக வைத்திருப்பது கடினமாகிக்கொண்டே போகும். லென்ஸ் வடிவமைப்பவரின் பாடு முழுக்க இந்த இழுபறிதான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். டியூபின் மேல் விழும் ராஸ்டரின், அதாவது கற்றை வரையும் படப்பரப்பின், அகலம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 1920 புள்ளிகளைக் காட்ட வேண்டுமானால், கறுப்பு-வெள்ளைக் கோடுகள் 960 ஜோடி. மில்லிமீட்டருக்கு 8 ஜோடி. திரை 2.4 மீட்டர் அகலம் என்றால் பெருக்கம் 20 மடங்கு. மில்லிமீட்டருக்கு 8 ஜோடியைக் காட்டுவது நல்ல லென்ஸுக்குப் பெரிய காரியமில்லை. அந்தக் கோடுகளில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. சுமாரான லென்ஸிலும் கோடுகள் தெரியும். ஆனால் இரண்டும் சாம்பலாகக் கலந்திருக்கும். நல்ல லென்ஸ் போட்டதும் "படம் கூர்மையாகிவிட்டது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கறுப்பு-வெள்ளை வேறுபாடு கூடியதைத்தான்.

காற்றா, கிளைக்காலா?

பெரிய மெஷின்களை வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டியூபின் முகப்புக் கண்ணாடிக்கும் லென்ஸின் கடைசிக் கண்ணாடிக்கும் இடையில் வெறும் காற்று இருந்தால் அது ஏர் கப்ளிங். அந்த இடைவெளியைத் திரவத்தால் நிரப்பியிருந்தால் லிக்விட் கப்ளிங். ஒரே அளவு டியூபிலும் இரண்டு வகை மெஷின்களும் வந்திருக்கின்றன.

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றுக்கு 1. ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் நேராக இறங்கும்போதே 4 சதவீதம் திரும்பி அடிக்கிறது. சாய்வாக வரும் ஒளியின் கதை இன்னும் மோசம். 42 பாகைக்கு மேல் சாய்ந்து வருவது வெளியே போகவே முடியாமல் முழுவதுமாகக் கண்ணாடிக்குள்ளேயே திரும்பி, பாஸ்பரின் வேறொரு இடத்தில் போய் விழுகிறது. பாஸ்பர் வெளிர் நிறப் பூச்சு என்பதால் அங்கேயும் ஒரு மங்கிய வெளிச்சம் எழும்புகிறது. வெள்ளைப் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் தெரிவது இதனால்தான். முகப்புக் கண்ணாடி 7 மி.மீ. தடிமன் என்றால் அந்த வளையத்தின் ஆரம் ஏறக்குறைய 12.5 மி.மீ. வரும். 20 மடங்கு பெருக்கினால் திரையில் 25 செ.மீ. ஒரு முகத்தின் வெளிச்சம் பக்கத்து இருட்டில் ஒரு சாண் தூரத்துக்குப் பரவுகிறது என்றால், அந்த இருட்டு எப்படி இருட்டாக இருக்கும்?

இடைவெளியில் திரவம் இருந்தால் நிலைமையே மாறிவிடும். எத்திலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த திரவம்தான் வழக்கம். ஒன்றின் ஒளிவிலகல் எண் 1.43, மற்றதற்கு 1.47. இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கும் எண்கள். பைரெக்ஸ் கண்ணாடிக் குச்சியைச் சமையல் எண்ணெயில் விட்டால் கண்ணுக்கே தெரியாமல் மறைவதும் இதே காரணத்தால்தான். நேராக வரும் ஒளியில் திரும்புவது 4 சதவீதத்திலிருந்து 0.03 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. சாய்ந்து வரும் ஒளியும் தடையில்லாமல் தாண்டிப் போய்க் கறுப்புப் பூசிய கூட்டின் சுவரில் அடங்குகிறது. டியூபின் முகத்தில் ஏறும் வெப்பத்தையும் இந்தத் திரவமே இழுத்துக்கொள்கிறது. டியூப் அதிக வெளிச்சத்தில் ஓடத் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைச் சோதிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். மலாய் சப்டைட்டில் உள்ள ஒரு தமிழ்ப் படத்தில் இரவுக் காட்சியாகப் பார்த்து நிறுத்துங்கள். கறுத்த திரையின் அடியில் வெள்ளை எழுத்து இரண்டு வரி. எழுத்தைச் சுற்றிப் பால் தெளித்ததுபோல் ஒரு மங்கல் படர்ந்திருக்கிறதா? அறைச் சுவரின் ஒளி குழப்பாமல் இருக்க, திரைக்கு முன்னால் நின்று சப்டைட்டில் வரும் பட்டையை மட்டும் உற்றுப் பாருங்கள். எழுத்து வந்ததும் மங்கல் தோன்றி, போனதும் கூடவே மறைந்தால் அது பிரதிபலிப்பு. எழுத்தே தடித்து, ஓரம் கரைந்து தெரிந்தால் அது ஃபோகஸ் கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு விலை கூடிய லென்ஸ் வாங்கி மாட்டினாலும், இடைவெளியில் காற்றே இருக்கும் வரை மங்கல் அப்படியேதான் இருக்கும்.

ஏர் கப்ளிங் மெஷினைத் திரவத்துக்கு மாற்ற முடியாதா என்று கேட்பார்கள். செய்தவர்கள் உண்டு. ஆனால் அதற்கு உரிய கூடு, ரப்பர் வளையம், வெப்பத்தில் திரவம் விரிய இடம் கொடுக்கும் அறை, திரவத்தைத் தொட்டு நிற்கிற வளைந்த கடைசிக் கண்ணாடி, எல்லாம் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். கடைசிக் கண்ணாடியை இந்தத் துறையில் சி எலிமெண்ட் என்பார்கள். தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்ப்பதைவிட, லிக்விட் கப்ளிங்கோடு வந்த பழைய மெஷின் ஒன்றையே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

பூஞ்சணம்

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில் இந்த விஷயம் ஓரத்தில் ஒரு வரியாக வரும். நமக்கு இதுதான் நடு விஷயம். ஆண்டு முழுக்க ஈரம், வெப்பம். மெஷினை மாதக்கணக்கில் போடாமல் விட்டால் லென்ஸின் உள்பக்கத்தில் சிலந்தி வலைபோல் வெள்ளை நரம்புகள் ஓடத் தொடங்கும். கிளைக்காலுக்குள்ளும் வளரும், திரவம் கலங்கி, அடியில் பஞ்சுபோல் மிதக்கும். திரவத்திலேயே இருப்பதால் படத்தில் அது தனிப் புள்ளியாகத் தெரியாது. மொத்தப் படமும் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகும், பார்க்கிறவர் கண்ணும் பழகிக்கொண்டே போகும். 'டியூப் தேஞ்சிருச்சி' என்று முடிவு கட்டிய பல மெஷின்களில் திரவத்தை மாற்றினாலே பாதி உயிர் திரும்பும்.

பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது, கோலாலம்பூர் ஜாலான் பாசார் பக்கமோ பினாங்கு லோரோங் கூலிட் சந்தையோ, யாருடைய ஸ்டோர் ரூமோ, கையில் ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். இருட்டான மூலையில் வைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி என்றால் தனித்தனிப் புள்ளி. அது படத்தை அவ்வளவாகக் கெடுக்காது. பூஞ்சணம் என்றால் கிளை பிரிந்து ஓடும். கோட்டிங் உரிந்திருந்தால் வானவில் நிறத் திட்டாகப் பளபளக்கும். பூஞ்சணம் நெடுநாள் உட்கார்ந்த இடத்தில் துடைத்த பிறகும் கண்ணாடியின் மேல் தடம் இருக்கும், அதை எடுக்க வழியில்லை. அப்படிப்பட்ட லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

துடைப்பதில் ஒரு எச்சரிக்கை. இந்த லென்ஸ்களில் பல பாகங்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கேமரா லென்ஸைத் துடைக்கிற பழக்கத்தில் ஆல்கஹாலையோ அசிட்டோனையோ தொட்டால் அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்புகள் விழும். பிறகு அது லென்ஸே இல்லை. காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, அழுத்தம் இல்லாத கை. அவ்வளவு போதும்.

திரவத்தை மாற்றும்போதும் கவனம் வேண்டும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதோடு இனிக்கும். பிள்ளைகளும் பூனையும் இருக்கிற வீட்டில் பழைய திரவத்தைத் திறந்த வாளியில் விடாதீர்கள். டியூபின் ஆனோடில் 30,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். டிவி ரிப்பேர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைக் கழற்ற வேண்டாம்.

எந்த லென்ஸ் எதோடு சேரும்

இனி பெயர்களுக்கு வரலாம். பெரிய சிஆர்டி புரொஜெக்டர்களைப் பெல்ஜியத்தின் பார்கோ, கனடாவின் எலக்ட்ரோஹோம், ஜப்பானின் சோனி, என்இசி என்று பலரும் செய்தார்கள். ஆனால் அவற்றில் பலவற்றின் முகப்பில் இருந்தவை ஒரே இடத்திலிருந்து வந்த லென்ஸ்கள்: அமெரிக்காவின் சின்சினாட்டியில் இயங்கிய யுஎஸ் பிரிசிஷன் லென்ஸ். டெல்டா வரிசையும் எச்டி வரிசையும் அவர்களுடையவை. அந்த நிறுவனம் பின்னர் கார்னிங்கின் கைக்குப் போய், 2002-இல் 3எம் வசமானது. சிஆர்டியின் சந்தையே அதற்குப் பிறகு வற்றிவிட்டது. ஆகவே இன்று நம் கைக்கு வருவதெல்லாம் பழைய மெஷினிலிருந்து கழற்றியதுதான்.

டெல்டா வகை லென்ஸ்களில் எல்லாமே பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. கோள வடிவத்திலிருந்து விலகிய வளைவுகளைக் கண்ணாடியில் தேய்த்து எடுக்க அதிகம் செலவாகும், அக்ரிலிக்கில் வார்த்துவிடலாம். எஃப் 1.0 திறப்பில் ஓரம் வரை படம் நிற்பதற்கு அந்த வளைவுகளே காரணம். பிரச்சினை வெப்பம். அக்ரிலிக் கண்ணாடியைவிட ஏறக்குறைய 10 மடங்கு அதிகமாக விரியும். சூடேறினால் அதன் ஒளிவிலகல் எண்ணும் இறங்கும். மெஷினைப் போட்டவுடன் வைத்த ஃபோகஸ் ஒரு மணி நேரத்தில் நகர்ந்துவிடும். எச்டி வரிசையில் ஒளியை வளைக்கும் பெரும்பாரத்தை ஒரு கண்ணாடி வில்லைக்குக் கொடுத்துவிட்டு, திருத்தும் வேலையை மட்டும் அக்ரிலிக் வில்லைகளிடம் விட்டார்கள். அதனால் ஃபோகஸ் நகராமல் நிற்கிறது. ஏர்கோன் போட்ட அறையில் தொடங்கி, நடுவில் அணைத்துவிட்டு மின்விசிறிக்கு மாறுகிற நம் வீடுகளில் இந்த ஒரு குணமே எச்டி லென்ஸுக்குப் பணம் கொடுக்கப் போதுமான காரணம்.

எச்டி-8 என்றால் 8 அங்குல டியூப், எச்டி-10, எச்டி-144, எச்டி-145 என்றால் 9 அங்குல டியூப் என்று பொதுவாகப் பேசிக்கொள்வார்கள். பெயரை வைத்து மட்டும் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். டியூபின் அளவைவிட முக்கியமானது பாஸ்பர் பூசிய முகத்தின் வளைவு. சில டியூபுகளில் பாஸ்பர் தட்டையாக இருக்கும், சிலவற்றில் வளைந்திருக்கும். அந்த வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் லென்ஸைச் செய்கிறார்கள். வளைந்த முகத்துக்குச் செய்த லென்ஸைத் தட்டையான டியூபில் ஏற்றினால் நடுவில் ஃபோகஸ் வைக்கும்போது மூலை கரையும். மூலையைப் பிடித்தால் நடு போய்விடும். எந்தத் திருகைத் திருப்பினாலும் தீராது. எந்த மெஷினிலிருந்து, எந்த டியூபோடு கழற்றிய லென்ஸ் என்று விற்கிறவரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் பணத்தை நீட்ட வேண்டாம்.

திரையின் அளவும் அப்படியே. ஒவ்வொரு லென்ஸும் ஒரு குறிப்பிட்ட பெருக்கத்துக்குள்தான் தன் முழுத் தரத்தையும் காட்டும். ஐந்தாறு மீட்டர் திரை போட்ட மண்டபத்துக்கான லென்ஸைக் கொண்டுவந்து தெரஸ் வீட்டில் 2 மீட்டர் திரைக்கு வைத்தால், ஃபோகஸ் திருகு கடைசி வரை போய் நின்றுவிடும்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. பச்சை டியூப் நடுவில் இருந்து திரையை நேராகப் பார்க்கிறது. சிவப்பும் நீலமும் இரு பக்கத்திலிருந்து சாய்ந்து பார்க்கின்றன. சாய்ந்து பார்க்கும் டியூபுக்கு முன் லென்ஸை இணையாகவே வைத்தால் படத்தின் ஒரு பக்கம் ஃபோகஸாகி மறுபக்கம் கலங்கும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக், வான்படங்களைத் திருத்துவதற்காக 1904-இல் காப்புரிமை பெற்ற விதி இங்கே வேலை செய்கிறது: டியூபின் தளமும் லென்ஸின் தளமும் திரையின் தளமும் ஒரே கோட்டில் போய்ச் சந்திக்க வேண்டும். அதற்காகவே லென்ஸைச் சற்றுச் சாய்த்து வைக்கத் திருகுகளோ தகடுகளோ கொடுத்திருப்பார்கள். வேறு லென்ஸை ஏற்றுகிறவர்கள் அந்தத் தகடுகளைத் தூக்கி ஒரு பக்கம் போட்டுவிட்டு, பிறகு லென்ஸையே குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

பச்சையைக் கவனியுங்கள்

மூன்று லென்ஸும் ஒரே தரத்தில் கிடைக்காவிட்டால் எதற்கு நல்லதைக் கொடுப்பது? சந்தேகமில்லாமல் பச்சைக்கு. எச்டி ஒளிபரப்பின் தரநிலைப்படி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் 72 சதவீதம் பச்சையில் இருக்கிறது. சிவப்பில் 21, நீலத்தில் 7. நம் கண் கூர்மையைப் பச்சையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பல மாடல்களில் லென்ஸின் முன்பகுதி மூன்றுக்கும் ஒன்றே. நிறம் தோய்த்தது சி எலிமெண்டில் மட்டும். அப்படிப்பட்டவற்றில், லேசாகக் கீறல் விழுந்த முன்பகுதியை நீலத்துக்கு அனுப்பிவிட்டு, சுத்தமானதைப் பச்சைக்கு மாற்றலாம். ஒரு காசு செலவில்லாத முன்னேற்றம் இது.

அந்த நிறத்துக்கும் காரணம் உண்டு. பச்சை பாஸ்பரில் டெர்பியம் இருக்கிறது. அதன் முக்கிய ஒளி 544 நானோமீட்டரில் வந்தாலும், கூடவே நீலத்தின் பக்கமும் மஞ்சள், ஆரஞ்சுப் பக்கமும் வேறு அலைநீளங்களில் சிறு ஒளிக்கோடுகள் வருகின்றன. சிவப்பின் யூரோப்பியம் 611-இல் ஒளிர்ந்தாலும் ஆரஞ்சும் ஒட்டிக்கொண்டு வரும். நிறம் தோய்த்த சி எலிமெண்ட் இந்த ஒட்டுண்ணிக் கோடுகளை வெட்டிவிடுகிறது. வயல் பச்சை மஞ்சளடிக்காமல் பச்சையாக வரும், குங்குமம் ஆரஞ்சாகாமல் சிவப்பாக வரும். வெவ்வேறு அலைநீளம் வெவ்வேறு இடத்தில் குவிவதால், தேவையில்லாததை வெட்டினால் ஓரமும் இறுகும். வெளிச்சம் கொஞ்சம் குறையும். நிறத்துக்காக அதை விட்டுக்கொடுக்கலாம். பழைய மெஷினில் நிறமில்லாத சி எலிமெண்ட் இருந்தால், முழு லென்ஸை மாற்றும் செலவுக்கு முன்னால் சிவப்புக்கும் பச்சைக்கும் இதைத் தேடிப் பாருங்கள்.

லென்ஸால் ஆகாததும் இருக்கிறது. டியூபில் எலக்ட்ரான் கற்றை வரையும் புள்ளியே தடித்திருந்தால், லென்ஸ் அந்தத் தடித்த புள்ளியைத்தான் அழகாகக் காட்டும். நடுவில் 4:3 வடிவத்தில் தேய்ந்துபோன பாஸ்பரை எந்த லென்ஸும் மறைக்காது. வாங்குவதற்கு முன் ஒரு கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளைப் போட்டு, லென்ஸ் வழியாகப் பச்சை டியூபின் முகத்தையே உற்றுப் பாருங்கள்; வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு. டியூபின் மேலேயே புள்ளி ஊசிமுனையாக இருந்து திரையில் கலங்கியிருந்தால் லென்ஸ் மாற்றப் பலன் உண்டு. டியூபிலேயே அது கலங்கியிருந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புது லென்ஸை ஏற்றிய பிறகு, மெஷினை அரைமணி நேரமாவது ஓடவிட்டுச் சூடேற்றிவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். பெரும்பாலான லென்ஸ்களில் கையாலேயே திருகும் விங் நட் இரண்டு இருக்கும். ஒன்று நடுவுக்கு, ஒன்று மூலைகளுக்கு. நடுவை வைத்து, மூலையை வைத்து, மறுபடி நடுவுக்கு வர வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். அது முடிந்த பிறகே மின்சார ஃபோகஸ், அதாவது டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றையைக் குவிப்பது. லென்ஸ் மாறியதால் பெருக்கமும் நூலளவு மாறியிருக்கும். ஆகவே வடிவமும் கன்வெர்ஜன்ஸும் (மூன்று நிறப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவது) முதலிலிருந்து. பச்சையை முழுதாக முடித்து, அதன் மேல் சிவப்பைப் பொருத்தி, கடைசியாக நீலம். நீலத்தை மட்டும் மின்சார ஃபோகஸில் இம்மியளவு தளர்த்தி விடுவார்கள். அதன் பாஸ்பர் அதிக மின்னோட்டத்தில் சீக்கிரம் திணறும். கற்றையைக் கொஞ்சம் பரப்பினால் வெளிச்சமான காட்சிகளில் வெள்ளை மஞ்சளாகச் சாயாது.